இரவல் கொடுத்த வாக்கு



2022ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் குருத்து ஞாயிறு. காலைப் பவனியும் திருப்பலியும் முடிந்தபின் மக்கள் வழக்கம்போல் வீடு திரும்பினர். சில குடும்பத்தினர் மட்டும் வீட்டுக்குச் செல்லவில்லை. கையிலிருந்த குருத்தோலையோடு நேரே வாக்குச்சாவடிக்குச் சென்றனர். பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று வாக்குப்பதிவு அன்றுதான் நடந்தது. பிரெஞ்சுக்காரர் ஞாயிற்றுக்கிழமையில் வாக்களிப்பது அவர்கள் மரபு. புதுவைக்கு வெளியே பணியாற்றும் குருக்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு: "உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பாரீசும் வந்து பங்கு கேட்கிறதே!"

இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைவதை 170 பேர் ஆதரித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் 1962 ஆகஸ்டு 16ஆம் நாள்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இங்குப் பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என அவ்வொப்பந்தம் ஆறு மாதத் தவணை அளித்தது. சில ஆயிரம் பேர் அவ்வாறு எழுதிக்கொடுத்தனர். நாம் 'சொல்தா' என்று அழைக்கும் படைவீரர் குடும்பங்களும், அலுவலர், ஆசிரியர் குடும்பங்களும் அவர்களுள் பல. அவர்தம் மக்களும் பேரமக்களும் இன்றும் புதுவையிலும் காரைக்காலிலும் அமைக்கப்படும் வாக்குச்சாவடிகளில் பிரான்சின் தலைவர் யாரென்று சொல்லும் உரிமை பெற்றிருக்கின்றனர்.

எம் பங்கில் ஒரு வீடு. அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன்; தம்பி இந்தியக் குடிமகன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1962இல் அண்ணன் ஆசிரியப் பணியை நினைத்து எழுதிக்கொடுத்தார். தம்பி "எனக்கு வேண்டாம்" என்று இருந்துவிட்டார். பாரீசில் யார் ஆளவேண்டும் என்று சொல்ல அண்ணனுக்கு நேர் வாக்குண்டு. தில்லியில் யார் குடியரசுத் தலைவராக வேண்டும் என்று சொல்லத் தம்பிக்கு நேர் வாக்கில்லை. அவருடைய நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் அவருக்காகப் போடுவர். அதிலும், தில்லி, புதுவைச் சட்டமன்றங்களுக்கு அவ்வுரிமை 1992இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் கிட்டிற்று. நம் உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 16. "அண்ணனுக்கு முழுசாக ஒன்று; எனக்குப் பதினாறில் எத்தனையில் ஒரு பங்கோ!" என்று தம்பி சொல்லிச் சிரிப்பார்.

இம்மாதம் நான் எழுத வந்தது அந்த அண்ணனைப் பற்றி. அவரை வாத்தியார் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். எண்பது வயதைக் கடந்தவர். அவர் என்னிடம் ஒரே கேள்வியை இருபது ஆண்டு இடைவெளியில் மும்முறை கேட்டார். நான் இன்னும் சரியான விடை சொன்னதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரெஞ்சுத் தேர்தல் இரு சுற்றாக நடைபெறும். முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், முதலிரண்டு இடம் பெற்றோர் மட்டும் இரு வாரம் கழித்து மீண்டும் நிற்பர். எஞ்சிய வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் என்ன செய்வர்? கட்சி வேலியைத் தாண்டி, தமக்குப் பிடிக்காத ஒருவர்க்கு வாக்களிப்பரா? அல்லது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவரா? அந்நாட்டின் தேர்தல்கள் பல இக்கேள்வியின் விடையில்தான் முடிந்திருக்கின்றன.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 21. அன்று நல்லாயன் ஞாயிறு. நான் அப்போது குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உதவிப் பங்குத் தந்தை. அன்றிரவு பிரான்சிலிருந்து வந்த செய்தி நம்மூர் பிரெஞ்சுக் குடும்பங்களைத் திகைக்க வைத்தது. பதினாறு பேர் நின்ற தேர்தலில் வலதுசாரியான சிராக் நூற்றுக்கு இருபது கூடப் பெறாமல் முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் சோசலிசக் கட்சியின் பிரதமர் ழோஸ்பேனுக்குத்தான் என்று அனைவரும் எண்ணியிருக்க, தீவிர வலதுசாரியான லெ பென் அவரை முந்தினார். இருவருக்கும் இடைவெளி இரண்டு இலட்சம் வாக்குகளுக்கும் குறைவு. அன்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களோ பட்டியலில் இருந்தோருள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல்! இடதுசாரிகள் ஆறேழு வேட்பாளர்களிடையே சிதறிப்போனது பாதிக் காரணம். எப்படியும் இரண்டாம் சுற்றுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிட்டது மறுபாதி.

மறுநாள் மாலை வாத்தியார் ஐயா சக்கிறிஸ்து அறைக்கு வந்தார். 1981இல் மித்தெரானுக்கு வாக்களித்த நாள்முதல் சோசலிசக் கட்சியைத் தவிர வேறெதற்கும் கை நீட்டாதவர். சிராக் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பவர். லெ பென்னோ 'நாட்டினருக்கே முன்னுரிமை' என்று முழங்கியவர். சட்டப்படி நம் மக்களும் பிரெஞ்சு நாட்டினரே. ஆனால் பாரீசின் புறநகரில் வாழும் அவர் மகனைத் தெருவில் பார்ப்பவன் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறான்.

"சாமி, ஒருவன் என் எதிரி, மற்றவனை எனக்குப் பிடிக்காது. நான் போகட்டுமா, வீட்டில் இருக்கட்டுமா?" என்றார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தவன் அல்லவா நான்! "ஐயா, மனச்சாட்சிப்படி செய்யுங்கள்" என்றேன்.

"மனச்சாட்சி வீட்டில் இரு என்கிறது. அதைக் கேட்கலாமா?"

நான் தடுமாறி, நீதித் தலைவர்கள் நூலில் யோத்தாம் சொன்ன உவமையை எடுத்துவிட்டேன். மரங்களெல்லாம் தமக்கு ஓர் அரசனைத் தேடிச் சென்றன. ஒலிவ மரம் தன் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது. அத்தி மரம் தன் இனிமையை விட்டு வரவில்லை. திராட்சைக் கொடியும் மறுத்தது. கடைசியில் முட்புதர் அரசாள வந்தது. "நல்லவர்கள் ஒதுங்கினால் முள்தான் ஆளும்" என்று பெருமிதத்தோடு முடித்தேன்.

வாத்தியார் ஐயா சிறிது நேரம் யோசித்தார். "சாமி, அந்தக் கதையில் வாக்காளர் யாரும் வீட்டில் இருக்கவில்லையே! மரங்கள் எல்லாம் எழுந்துதானே போயின? வர மறுத்தவர்கள் வேட்பாளர்கள். நல்ல வேட்பாளர் நிற்காததற்கு என்னை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்றார். நான்கு ஆண்டு இறையியல் அந்த அறையில் வாயடைத்து நின்றது. உவமைகளை அவசரத்துக்கு எடுத்தாளக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஆயினும் மே 5ஆம் நாள் அவர் போனார். பிரான்சில் இடதுசாரிகள் பலர், மூக்கில் துணிக்கவ்வி மாட்டிக்கொண்டு சிராக்குக்கு வாக்களிப்போம் என்று பேசிய நேரம் அது. பிரெஞ்சு முறையில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிச் சீட்டு. மேசையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு, திரை மறைவில் ஒன்றை உறையிலிட்டு, வெளியே வந்து உள்ளிருப்பது தெரியும் பெட்டியில் போடவேண்டும். அதிகாரி "வாக்களித்தார்!" என்று உரக்கச் சொல்வார். "என் பெயரையும் சிராக் பெயரையும் ஒரே மூச்சில் சேர்த்த நாள்" என்று வாத்தியார் ஐயா பின்னர் சொன்னார்.

அவரைப்போல் எத்தனை பேர்! முதற்சுற்றில் சிராக் பெற்றவை ஏறத்தாழ 57 இலட்சம் வாக்குகள். இரண்டாம் சுற்றில் அவை 2 கோடியே 55 இலட்சம் ஆயின. நூற்றுக்கு 82. வீட்டில் இருந்தோர் தொகை 28இலிருந்து 20ஆகக் குறைந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் வேலி தாண்டி வந்து, அவரவர் வீட்டுப் பண்டத்தை அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்ததுபோல், தம் வாக்கைக் கொடுத்தனர். கொடுத்தனர் என்பதைவிட இரவல் கொடுத்தனர் என்பதே பொருந்தும்.

நம் வீடுகளில் இரவல் என்பதற்கு ஒரு முறை உண்டு. திருமணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவை விளக்கித் துடைத்துத் திருப்பித் தரவேண்டும். தன் பெயரைப் பொறித்துப் பரணில் ஏற்றிவிடக் கூடாது. சிராக் என்ன செய்தார்? தம் பக்கத்தினரையே கொண்டு அரசமைத்தார். இரண்டு கோடி இரவல்காரரின் எண்ணத்துக்கு அவ்வரசில் இடமிருந்ததாக அவர்கள் உணரவில்லை. அடுத்த ஆண்டே ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அண்டா பரணுக்குப் போயிற்று என்றுதான் வாத்தியார் ஐயாவும் நினைத்தார்.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல விரும்புகிறேன். 1969ஆம் ஆண்டு இக்கேள்வியை இரு நாடுகளிலும் ஒரே கோடைகாலத்தில் எழுப்பியது. அவ்வாண்டு ஜூனில் பிரான்சின் இரண்டாம் சுற்றில் பொம்பிதூவும் பொஎரும் நின்றனர். இருவரும் இடதுசாரியல்லர். முதற்சுற்றில் நூற்றுக்கு 21 பெற்றிருந்த கம்யூனிஸ்டுகள், இருவருக்கும் வேறுபாடில்லை என்று கூறித் தம் மக்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வாக்களிக்காதோர் 22இலிருந்து 31ஆக உயர்ந்தனர். பொம்பிதூ எளிதாக வென்றார். கம்யூனிஸ்டுகளின் மௌனத்தால் அவர்கள் பெற்றது என்ன? அந்த எண் ஒன்றுதான்.

இரு மாதம் கழித்து ஆகஸ்டில் நம் நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல். காங்கிரசுக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியே அவருடைய மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவர். பின்னர் அவரே, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். பலர் வேலி தாண்டினர். சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி, முதல் விருப்ப வாக்குகளில் போதிய பெரும்பான்மை பெறாமல், இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணியபின் 4,20,077க்கு 4,05,427 என்று வென்றார். அவ்வாண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாயிற்று. மனச்சாட்சி என்னும் புனிதமான சொல் கட்சிச் சண்டையில் கத்தியாகவும் பயன்படும் என்பதை அன்று நாடு கண்டது. நான் 2002இல் வாத்தியார் ஐயாவிடம் அச்சொல்லை அவ்வளவு எளிதாக எடுத்து நீட்டியிருக்கக் கூடாது.

வேலி தாண்டும் உறுப்பினரையும் வேலி தாண்டும் வாக்காளரையும் ஒன்றாக எண்ணாதிருக்க வேண்டுகிறேன். பதவிக்காகத் தாவுவோரைத் தடுக்க 1985இல் சட்டம் வந்தது. அதன்பின் தாவுவதற்குப் பதிலாக விலகுவது வழக்கமாயிற்று. 2021 பிப்ரவரியில் உறுப்பினர் சிலர் விலகியதால் நம் புதுவை அரசே பெரும்பான்மை இழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உறுப்பினர் தாண்டினால் அவருக்கு ஏதேனும் கிடைக்கலாம். வாக்காளர் தாண்டினால் அவருக்குக் கிடைப்பது மனவருத்தம் மட்டுமே. அவர் தம் பெருமையைச் செலவழித்துத் தாண்டுகிறார். ஆகவே அவரை மதிக்கவேண்டும்.

சரி, தாண்ட மனமில்லாதவர் வீட்டில் இருப்பது ஒரு மறுப்பு ஆகாதா? ஆகலாம். ஆனால் அந்த மறுப்புக்கு நாவில்லை. சினத்தால் வராதவர், சோம்பலால் வராதவர், காய்ச்சலில் படுத்தவர், இறந்தும் பட்டியலில் இருப்பவர் ஆகிய எல்லாரும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றனர். அந்த எண்ணுக்குப் பொருள் சொல்பவர் வேறு யாரோ.

இதை நம் இனமே மிகக் கசப்பாக அனுபவித்திருக்கிறது. புதுவைக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் கீழ்ப்புதுப்பட்டு முகாமில் வாழும் ஈழத்துக் குடும்பங்களைச் சந்திக்கச் சென்றபோதெல்லாம் 2005 என்ற எண் பேச்சில் வரும். அவ்வாண்டு நவம்பர் 17இல் இலங்கை ஜனாதிபதித் தேர்தல். தமிழர்கள் வாக்களிக்க வேண்டா என்று விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ ஏழு இலட்சம். வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்றே மேல். மகிந்த ராஜபக்சே, ரணில் விக்கிரமசிங்கவை நாடு முழுவதிலும் 1,80,786 வாக்குகளில் வென்றார். வீட்டில் இருந்தோர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. வீட்டில் இருந்தவர்களுள் எத்தனை பேர் தாமாக இருந்தனர், எத்தனை பேர் அஞ்சி இருந்தனர் என்பதையும் அந்த எண் சொல்லாது. அடுத்த ஆண்டு போர் மீண்டது. 2009 மே மாதத்தில் அது எப்படி முடிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. 2010இல், அப்போரில் படையை நடத்திய தளபதி பொன்சேகாவே எதிரணி வேட்பாளர். அவருக்கே வடக்கின் தமிழர் பெரும்பான்மை வாக்கைக் கொடுத்தனர். தம் பிள்ளைகளை இழந்தவர்கள் அந்தச் சீட்டில் அந்தப் பெயருக்கு நேரே புள்ளடி இட்டபோது கை எப்படி நடுங்கியிருக்கும்! வாத்தியார் ஐயாவின் மூக்குத் துணிக்கவ்வி இதன்முன் விளையாட்டு. அத்தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 26 கூட இல்லை. 2015இல் 66 ஆயிற்று. நேற்றுவரை ராஜபக்சேயின் அமைச்சராக இருந்த சிறிசேனாவுக்கு யாழ்ப்பாணம் தன் வாக்கில் நூற்றுக்கு 74 பங்கை அளித்தது. நாடளவில் அவர் 51.28க்கு 47.58 என வென்றார். அந்த இரவலும் ஒழுங்காகத் திருப்பித் தரப்படவில்லை என்றே அங்குள்ள மக்கள் சொல்வர். 2024 தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்றதற்கும், இரண்டேகால் இலட்சம் பேர் அவருக்கு வாக்களித்ததற்கும் அந்த ஏமாற்றம் ஒரு காரணம். இலங்கை முறையில் ஒரு நன்மை உண்டு. மூன்று பேர் வரை விருப்ப வரிசை குறிக்கலாம். 'என் உள்ளம் இவருக்கு. முடியாவிடில் அவர் மேல்' என்று ஒரே சீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரருக்கு அந்த வசதி இல்லை.

பிரான்சுக்குத் திரும்புவோம். 2017இல் முதற்சுற்றில் முதல் நால்வரும் 24க்கும் 19க்கும் இடையே நெருங்கி நின்றனர். இரண்டாம் சுற்று மக்ரோனுக்கும், பழைய லெ பென்னின் மகள் மரீன் லெ பென்னுக்கும். ஊர்களில் பணியாற்றிவிட்டு நான் நகருக்கு மாற்றலாகி வந்திருந்தேன். வாத்தியார் ஐயா கைத்தடியோடு வந்தார். கேள்வி அதுவே. இம்முறை நான் உவமை எதையும் எடுக்கவில்லை. "இரண்டு பேருடைய அறிக்கையையும் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன். வேட்பாளர்கள் வாக்காளர்க்கு அனுப்பும் அறிக்கைக்குப் பிரெஞ்சில் 'விசுவாசப் பிரகடனம்' என்று பொருள்படும் பெயர். "திருப்பலியில் நாம் சொல்லும் விசுவாசப் பிரகடனம் மாறுவதில்லை; இவர்களுடையது ஐந்தாண்டுக்கொரு முறை மாறுகிறது" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மக்ரோனுக்கு வாக்களித்தார்.

ஆனால் 2002இன் வெள்ளம் அவ்வாண்டு வரவில்லை. வாக்களிக்காதோர் முதற்சுற்றில் 22, இரண்டாம் சுற்றில் 25. இரண்டாம் சுற்றில் வராதோர் தொகை கூடியது 1969க்குப் பின் அதுவே முதன்முறை. வந்தவர்களிலும் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் வெற்றுறையோ செல்லாச் சீட்டோ இட்டனர். 2014 முதல் அங்கே வெற்று வாக்கைத் தனியே எண்ணிச் சொல்கின்றனர். முடிவைக் கணக்கிடும்போது சேர்ப்பதில்லை. 2013 முதல் நம் வாக்குப்பொறியிலுள்ள 'நோட்டா'வும் ஏறத்தாழ அப்படித்தான். எனினும் வீட்டில் இருப்பதைவிட அது மேல் என்பேன். வந்தவர் சோம்பேறியல்லர் என்றாவது தெரிகிறதே!

2022இல் மீண்டும் அதே இருவர். குருத்து ஞாயிறு முதற்சுற்றில் வாத்தியார் ஐயா இடதுசாரி வேட்பாளர் ஒருவர்க்கு வாக்களித்தார். இறை இரக்கத்தின் ஞாயிறான ஏப்ரல் 24இல் இரண்டாம் சுற்று. முந்திய வெள்ளிக்கிழமை அவருக்கு நற்கருணை கொண்டுசென்றபோது, "சாமி, இம்முறை நான் போகவில்லை" என்றார். கேள்வி கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். "இரு முறை இரவல் கொடுத்தேன். வாங்கியவர்கள் தங்கள் சொத்து என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் முறை கொடுக்க நான் என்ன முட்டாளா?"

வாக்களிப்பதைப் பொதுநலனுக்குரிய அறக்கடமைகளுள் ஒன்றாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வைக்கிறது. வரி செலுத்துவதற்கு அடுத்தே அதைச் சொல்கிறது. எவருக்கு என்று பீடத்திலிருந்து சொல்வது குருவின் வேலையன்று. 2017இல் பிரெஞ்சு ஆயர்களும் பெயர் குறிப்பிட மறுத்தனர், அதற்காகக் குறைகூறவும் பட்டனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் ஆசியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில், அமெரிக்கத் தேர்தல் பற்றிக் கேட்டபோது, இரு வேட்பாளரிடமும் குறை கண்டார். ஆயினும் வாக்களிக்காதிருப்பது நன்றன்று, குறைந்த தீமை எதுவென்று அவரவர் மனச்சாட்சியில் ஆராய்ந்து தேர்ந்துகொள்க என்றார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எண்பது வயதுப் பெரியவர் ஏமாந்த கதையைச் சொல்லும்போது நூலைத் திறந்து எண் சொல்வது இரக்கமாகுமா?

நான் அவரிடம் சொன்னது இவ்வளவே: "ஐயா, இரவலைத் திருப்பித் தராதது வாங்கியவர் குற்றம். ஆனால் நீங்கள் கொடுத்தது அவருக்காகவா, உங்கள் மகன் நடக்கும் தெருவுக்காகவா?" அவர் பதில் சொல்லவில்லை. ஞாயிறன்று அவர் போகவுமில்லை. அன்று மக்ரோன் 58.55 பெற்று வென்றார். மரீன் லெ பென் 41.45. பழைய லெ பென் 2002இல் பெற்றது 18 கூட இல்லை. வராதோர் நூற்றுக்கு 28.

வெற்றி பெற்ற அன்றிரவே மக்ரோன், பலர் தம் கருத்தை ஏற்று அல்ல, தீவிர வலதுசாரியைத் தடுக்கவே தமக்கு வாக்களித்தனர் என்றும், அவ்வாக்கு தமக்கு ஒரு கடப்பாடு என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இரவல் என்று வாங்கியவரே சொன்ன அருமையான சொல் அது. 2023 மார்ச்சில் ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை, மக்களவையில் வாக்கெடுப்பு இல்லாமலே அவர் அரசு நிறைவேற்றியது. வாத்தியார் ஐயா அன்று தொலைபேசியில் அழைத்து, "சாமி, அண்டா பரணுக்குப் போயிற்று" என்றார். ஒரு வகையில் அவர் வென்றுவிட்டார்.

ஆனாலும் 2024 ஜூலையில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே மக்கள் மீண்டும் வேலி தாண்டினர். இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், வாக்கு சிதறாதபடி, தாமே விலகி எதிர்க்கட்சியினர்க்கு வழிவிட்டனர். யோத்தாமின் கதையைத் தலைகீழாக்கிய காட்சி அது. இங்கே ஒலிவமும் அத்தியும் தேர்தலில் நின்றன. முள் ஆளாதிருக்கப் பின்னர் விலகியும் கொண்டன. மறந்துவிடவில்லை என்று வாத்தியார் ஐயாவிடம் சொன்னேன். "உவமையை இருபது ஆண்டு கழித்துத் திருத்துகிறீர்களா?" என்று சிரித்தார். அத்தேர்தலில் அவர் வாக்களித்தாரா என்று நான் கேட்கவில்லை.

என் முடிவு இதுதான். வேலி தாண்டிப் போடும் வாக்கு துரோகம் அன்று, அது கடன். கொடுப்பவர் கடமையைப் பற்றிப் பங்குத் தந்தையர் நாங்கள் அதிகம் பேசிவிட்டோம். வாங்குபவர் கடமையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 82ஐ வாங்கியவர் 82 பேருக்கும் பொறுப்பாளராக நடந்திருந்தால், வாத்தியார் ஐயா போன்றவர்கள் 2022இல் கட்டிலில் அமர்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, அவரைப் போகச் சொல்வதையும் நான் விடப்போவதில்லை. கடன் வாங்கியவர் நாணயம் தவறினார் என்பதற்காகத் தெருவில் நடப்பவனை முள்ளிடம் விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குரிய ஆண்டு 2027. தூதரகப் பட்டியலில் பெயர் உள்ளதா, முகவரி சரியா என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கடைசி வாரத்தில் அறைவீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது. நடக்க முடியாத முதியோர் வேறொருவரிடம் வாக்கை ஒப்படைக்கும் 'புரோக்குராசியோன்' முறையும் உண்டு. வாத்தியார் ஐயா இப்போது வீட்டைவிட்டு வருவதில்லை. தன் பேத்தியைப் பதிலாளாகக் குறிப்பதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று சென்ற மாதம் விசாரித்தார். சீட்டில் எந்தப் பெயரை எடுக்கவேண்டும் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லையாம்.